ஆராய்ச்சி மணியும் மனித உரிமைப் பிரகடனமும்

கன்றை இழந்த பசு ஒன்று அரண்மனை வாயிலில் தூங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தமையும், அவ்வொலி கேட்ட மன்னன் தன் மைந்தனென்றும் பாராது முறை செய்தமையும் பெரியபுராண வாயிலாக நாம் இளமையிலேயே அறிந்தவை. ஆண்டு மன்னன் திருவாரூரிலிருந்த மனுநீதிச் சோழன். இதே வரலாற்றை அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன்மேல் வைத்து மகாவமிசம் கூறுகின்றது. அவனுடைய படுக்கையின் தலைமாட்டிலே மணி தொங்க, அதன் நீண்ட கயிறு நீதி வேண்டுவோர் இழுத்தற்கு வாய்ப்பாக விடப்பட்டிருந்தது என்பது அப்பாளி நூலின் செய்தி. சைவ நூலொன்றும் பௌத்த நூலொன்றும் நல்லரசின் இலக்கணமாக ஒரே பொருளைக் கண்டமை எண்ணி மகிழத்தக்கது.

இக்கதையை நீதி பற்றிய பாடமாக மட்டும் கொள்ளுதல் வழக்கம். அது முறையீடு பற்றிய பாடமுமாகும். அதன்கண் மூன்று கூறுகள் உள. வாயில்லா விலங்குக்கும் எட்டும் கயிறு ஒன்று. ஆள்வோன் காதில் விழுமாறு கட்டப்பட்ட மணி மற்றொன்று. கேட்டபின் வாளாவிருத்தல் தகாது என்னும் கடப்பாடுடைய மன்னன் மூன்றாவது. இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனிலவாம். ஆகவே ஓர் உரிமை ஏட்டளவில் உள்ளதோ, வாழ்க்கையில் உள்ளதோ என்று காண விழைவோர், யார் முறையிடலாம், முறையீடு எவ்விடம் சேரும், கேட்போர் யாது செய்யக் கடவர் என்னும் வினாக்கள் மூன்றையும் வினவுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆந் திகதி பாரிசு நகரிலே ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை நிறைவேற்றிய மனித உரிமைகள் பற்றிய உலகப் பொதுப் பிரகடனத்தை இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரகடனத்தின் சிறப்பு

குறை கூறப் புகுமுன் நிறையைக் கூறுதல் முறை. அற்றை நாளில் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் ஐம்பத்தெட்டு. அவற்றுள் 48 நாடுகள் பிரகடனத்தை ஆதரித்தன. எதிர்த்த நாடு ஒன்றேனும் இல்லை. எட்டு நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. இரண்டு அவைக்கு வரவில்லை. ஒதுங்கியவற்றுள் சோவியத் நாடும் அதனைச் சார்ந்தனவும் இருந்தன. தென்னாபிரிக்காவும் சவூதி அரேபியாவும் இருந்தன. இலங்கை 1955ஆம் ஆண்டு டிசெம்பரிலேயே உறுப்புரிமை பெற்றமையால் அவ்வாக்களிப்பில் அதற்குப் பங்கில்லை.

பிரகடனம் ஒரு முகவுரையும் முப்பது உறுப்புரைகளும் கொண்ட சிறிய ஏடு. கனடா நாட்டவராகிய ஜோன் ஹம்பிறி முதல் வரைவை ஆக்கினார். பிரான்சு நாட்டு றெனே கசென் அதனை ஒழுங்குபடுத்தினார். லெபனானின் சார்ல்ஸ் மாலிக்கும் சீனத்துப் பி. சி. சாங்கும் அதன் கருத்துக்களைப் பொருதும் பொருந்தியும் செப்பஞ் செய்தனர். திருமதி எலினோர் றூஸ்வெல்ற் ஆணைக்குழுவின் தலைவராயிருந்து அவ்வேலையை நடத்திச் சென்றார். முதலாம் உறுப்புரையில் ஆடவரையே குறிப்பதாகக் கொள்ளக்கூடிய சொல் நின்ற இடத்தில் மனிதப் பிறவியர் அனைவரையும் குறிக்கும் சொல் நின்றமைக்கு இந்தியாவின் ஹன்சா மேத்தா அம்மையாரின் விடாமுயற்சி காரணமென்பர். ஒரு சொல்லினால் உலகின் பாதி மக்கள் உள்ளே வந்தனர் என்றால் அது மிகையன்று.

நடையை நோக்கினும் அதன்பாற் குற்றங் காண்டல் அரிது. சட்ட நூல்களுக்கியல்பான பின்னலும் விலக்கும் அதில் இல்லை. யாவரும், எவரும் என்னும் சொற்களே வாக்கியந்தோறும் எழுவாயாக நிற்கின்றன. உயிர் வாழும் உரிமையும், சித்திரவதைக்கு ஆளாகாதிருக்கும் உரிமையும் கூறிய அதே ஏடு, வேலைக்கும் ஓய்வுக்கும் கல்விக்கும் உள்ள உரிமையையும் கூறுகின்றது. பசித்திருப்போனுக்குப் பேச்சுரிமை மட்டும் போதாதென்பதை அது உணர்ந்திருந்தது. இத்துணைத் தெளிவும் சுருக்கமும் உடைய பொது ஆவணங்கள் மிகச் சிலவே.

தொங்காத மணி

இனி நம் வினாக்களை வினவுவோம். இவ்வுரிமைகளுள் ஒன்றைத் தன் அரசு பறித்ததாயின் ஒருவன் யாரிடம் முறையிடுவான்? இவ்வினாவுக்குப் பிரகடனத்தில் நேர்விடை இல்லை. விடைக்கு அண்மையிலுள்ளது எட்டாம் உறுப்புரை மட்டுமே. இலத்தீன் அமெரிக்க நாடுகளின் சட்டமரபினின்றும் வந்த அது, அரசியல் யாப்பினாலோ சட்டத்தினாலோ அளிக்கப்பட்ட அடிப்படை உரிமைகள் மீறப்படின் நாட்டின் நீதிமன்றங்களில் தக்க பரிகாரம் பெறலாம் என்கின்றது. இதனைக் கூர்ந்து நோக்குக. பரிகாரம் பெறத்தக்கவை நாட்டின் யாப்பும் சட்டமும் அளித்த உரிமைகளேயன்றிப் பிரகடனம் கூறிய உரிமைகளல்ல. நாட்டின் சட்டமே ஓர் உரிமையைப் பறிக்குமாயின் எட்டாம் உறுப்புரை வாய் திறவாது. மணி உண்டு, ஆயின் அதனைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் குற்றஞ் சாட்டப்படும் அரசின் விருப்பத்தைச் சார்ந்தவை.

இது மறதியாலும் கவனக் குறைவாலும் நேர்ந்ததன்று. தொடக்க வரைவுகளில், நாட்டின் அதிகாரிகளிடமேயன்றி ஐக்கிய நாடுகள் சபையிடமும் முறையிடும் உரிமை எழுதப்பட்டிருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. பிரகடனம் 217ஆம் இலக்கத் தீர்மானத்தின் முதற் பகுதியாகும். அதே தீர்மானத்தின் இரண்டாம் பகுதி முறையீட்டு உரிமையைப் பற்றியது. அவ்வுரிமை இன்றியமையாதது என ஒருபால் ஒப்புக்கொண்டு, அதனைப் பற்றி அக்கூட்டத் தொடரில் யாதொன்றுஞ் செய்வதில்லையென மறுபால் முடிவு செய்தது அப்பகுதி. மூன்றாம் பகுதி சிறுபான்மையோரைப் பற்றியது. அவர்தம் நிலையில் ஐக்கிய நாடுகள் பராமுகமாயிருத்தல் ஆகாது எனக் கூறி, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரு வழி காண்டல் கடினமென்று காரணங் காட்டி, பிரகடனத்தில் அவர்க்கென ஓர் உறுப்புரை சேர்ப்பதில்லையென அது தீர்மானித்தது. ஆண்டுதோறும் கொண்டாடப்படுவது முதற் பகுதி மட்டுமே. ஏனைய இரண்டும் பாடநூல்களிற் காணப்படுதல் அரிது. எனினும் முதற் பகுதியின் பொருளை முற்றும் அறிய விரும்புவோர் அவ்விரண்டையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

மணியை மறுத்தோர் யாவர்? சோவியத் நாடு அதனைத் தன் இறைமைக்கு இழுக்கென்றது. வேறு நாடுகள், அது நடைமுறை பற்றியதாகலின் பின்னர் ஆக்கப்படும் உடன்படிக்கையிற் பார்க்கலாம் என்றன. ஆயின் பேரரசுகளுக்கெல்லாம் அஞ்சுதற்கு ஒவ்வொரு காரணம் இருந்தது. சோவியத் நாட்டிலே தடுப்பு முகாம்கள் இருந்தன. பிரித்தானியாவுக்குக் குடியேற்ற நாடுகள் இருந்தன. ஐக்கிய அமெரிக்காவிலோ, கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எடுத்துக்கூறும் நீண்ட மனுவொன்றை டபிள்யூ. ஈ. பி. டுபொய்ஸ் என்னும் அறிஞரின் முயற்சியால் அவர்தம் சங்கம் 1947ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஐக்கிய நாடுகளிடம் கையளித்தது. அம்மனு விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. எடுக்கப்படுதற்கு வழியும் இருக்கவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மனித உரிமை ஆணைக்குழு, தனக்கு வரும் முறையீடுகளின்மீது எந்நடவடிக்கையும் எடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லையெனத் தானே அறிவித்து விட்டது. முறையீடுகளை இரகசியப் பட்டியலில் எழுதி வைப்பதும், எழுதியோர்க்கு இவ்வதிகாரமின்மையைத் தெரிவிப்பதுமே வழக்கமாயின. உரிமை பேணும் பொருட்டு அமைக்கப்பட்ட அவை, முதற்கண் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டது. சட்டவறிஞர் ஹேர்ஷ் லௌற்றர்பாக்ற் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். போலந்து யூதராய்ப் பிறந்து, தம் குடும்பத்தினரிற் பெரும்பாலோரை நாசிகளின் கொலைக்குப் பறிகொடுத்த அவர், நடைமுறையற்ற பிரகடனத்தால் உலகம் ஏமாறும் என அஞ்சியது இயல்பே.

பிரகடனத்துக்கு முன்னைய ஒரு மனு

முறையீட்டைக் கட்டுதல் அக்காலத்தில் இயலாதவொன்று என்று வாதிப்பாருமுளர். வரலாறு அதனை மறுக்கின்றது. முதலாம் உலகப் போரின் பின், 1919 தொடக்கம், போலந்து முதலிய நாடுகள் தம் சிறுபான்மையோரைக் காப்பதாக ஒப்பந்தஞ் செய்து, அதன் மேற்பார்வையைச் சர்வதேச சங்கத்திடம் ஒப்படைத்தன. அம்முறையில் மனு என்பது செய்தி மாத்திரமே. சங்கத்தின் பேரவையிலுள்ள நாடொன்று எடுத்தாளாவிடின் அது வீணாம். ஆயினும் மேற்சிலேசியா என்னும் சிறு நிலப்பகுதிக்கு, ஜேர்மனியும் போலந்தும் 1922ஆம் ஆண்டு செய்த பதினைந்தாண்டு உடன்படிக்கை வேறொரு வழி வகுத்தது. அங்கு வாழ்ந்த ஒருவர் பேரவைக்கே நேராக முறையிடலாம்.

1933ஆம் ஆண்டில் இட்லரின் ஆட்சி யூதருக்கெதிரான சட்டங்களை இயற்றியபோது, அப்பகுதியில் வேலையிழந்த பேர்ண்ஹைம் என்னும் சாதாரண எழுதுவினைஞர் ஒருவர் அக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். பேரவை அவர் மனுவை ஏற்றது. ஜேர்மனி, கீழுள்ள அதிகாரிகள் செய்த தவறு என்று கூறி இணங்கிற்று. 1937ஆம் ஆண்டு ஜூலையில் உடன்படிக்கை காலாவதியாகும்வரை, அச்சட்டங்கள் மேற்சிலேசியாவில் நடைமுறைப்படவில்லை. எல்லைக் கோட்டுக்கு இப்பால் வாழ்ந்த யூதருக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தன. அப்பால் வாழ்ந்த அவர்தம் இனத்தவருக்கு அதுவும் கிடைத்திலது. இரு சாராருக்கும் பகைவன் ஒருவனே. வேற்றுமை முறையிடும் வழியில் இருந்தது.

இம்முறையின் குறைகளை மறைத்தல் கூடாது. சிறிய நாடுகளும் தோற்ற நாடுகளுமே அதற்குட்பட்டன. வென்ற பேரரசுகள் உட்படவில்லை. இவ்வோரவஞ்சனையைக் காட்டியே போலந்து 1934ஆம் ஆண்டில் விலகியது. 1945இன் பின் செய்யத்தக்கது, சிலர்மேல் மட்டும் சுமத்தப்பட்ட கடப்பாட்டை யாவர்க்கும் பொதுவாக்குதல். செய்யப்பட்டதோ, உரிமையைப் பொதுவாக்கிக் கடப்பாட்டைக் கைவிடுதல். சிறுபான்மையோர், முறையீடு என்னும் இரு சொற்களும் ஒருங்கே விடுபட்டமை இதனாலேயாம்.

இறைமை என்னும் தடை

ஐக்கிய நாடுகள் பட்டயம் மனித உரிமைகளைப் பன்முறை போற்றுகின்றது. அதே பட்டயத்தின் இரண்டாம் உறுப்புரையின் ஏழாம் பந்தி, ஒரு நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடும் அதிகாரத்தைச் சபைக்கு மறுக்கின்றது. இம்முரண் முதலாண்டிலேயே வெளிப்பட்டது. தென்னாபிரிக்காவில் வாழும் இந்தியருக்கு இழைக்கப்படும் அநீதியை இந்தியா 1946ஆம் ஆண்டில் பொதுச்சபையில் எடுத்துரைத்தபோது, பட்டயத்தின் முகவுரையில் மனித உரிமைச் சொற்களை வரைந்தவராகிய ஸ்மட்ஸ் அவர்களே தென்னாபிரிக்காவின் சார்பில் அப்பந்தியைக் கேடயமாகப் பிடித்தார். பொதுச்சபை அவ்வாதத்தை மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் ஒதுக்கிவிட்டது. இறைமை என்பது புதிதாய் விடுதலை பெற்ற நாடுகள் மட்டும் கூறும் வாதம் என்பது பிழை. அது யாவரும் வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது வைத்துவிடும் கருவி.

பிற்காலத்தில் இரும்புக் கதவைச் சிறிது திறந்தவை ஆசிய ஆபிரிக்க நாடுகளே என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது. இனவொதுக்கற் கொள்கையை எதிர்த்து அவை தொடுத்த இடையறா முயற்சியின் பயனாக, பாரிய உரிமை மீறல்களை ஆராயும் அதிகாரத்தை 1967ஆம் ஆண்டின் 1235ஆந் தீர்மானமும் 1970ஆம் ஆண்டின் 1503ஆந் தீர்மானமும் ஆணைக்குழுவுக்கு அளித்தன. தென்னாபிரிக்காவுக்கென வெட்டிய வழியில் பின்னர்ப் பிற நாடுகளின் முறையீடுகளும் வந்தன. வெட்டியவர்களிற் சிலர் அப்போது முகஞ் சுளித்தனர்.

பின்னர்க் கட்டப்பட்ட மணிகள்

ஐரோப்பிய நாடுகள் 1950ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி றோமாபுரியில் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் உரிமைகளோடு நீதிமன்றத்தையும் ஒருங்கே வைத்தன. அது 1953இல் நடைமுறைக்கு வந்தது; நீதிமன்றம் 1959இல் அமைந்தது. ஆயினும் தனிமனிதர் முறையிடுதல் தொடக்கத்தில் ஒவ்வோர் அரசின் விருப்புக்கு விடப்பட்டிருந்தது. உடன்படிக்கையை வரைவதிலே முன்னின்ற பிரித்தானியா 1966ஆம் ஆண்டிலேயே அதற்கு இசைந்தது. அவ்விசைவின் பயன் விரைவில் தெரிந்தது. சிறையிலிருந்த ஒருவர் தம் சட்டத்தரணிக்குக் கடிதம் எழுத விடப்படாமையை முறையிட்ட கோல்டர் வழக்கில், நீதிமன்றத்தை அடையும் உரிமை உடன்படிக்கையில் வெளிப்படையாய் எழுதப்படாவிடினும் நேர்மையான விசாரணைக்கான உரிமையுள் அடங்கும் என 1975இல் தீர்க்கப்பட்டது. சிறைச்சாலை விதிகளும் திருத்தப்பட்டன. கதவு இல்லாத வீட்டில் அறைகளின் அழகு யார்க்குப் பயன்படும் என்னும் எளிய நியாயமே அத்தீர்ப்பின் உயிர். 1998ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கம் தனிமனிதர் நேரே அந்நீதிமன்றத்தை அடையும் உரிமை எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்துவதாயிற்று. இம்மணியும் அழியாததன்று. உக்கிரேன்மீது படையெடுத்த உருசியா 2022ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பேரவையினின்று விலக்கப்பட்டபோது, குற்றம் ஒன்றும் செய்யாத அந்நாட்டு மக்களும் அக்கயிற்றை இழந்தனர்.

உலகளாவிய ஏற்பாடு இதனினும் மெதுவாய் வளர்ந்தது. ஓர் உடன்படிக்கையாக இருக்கவேண்டியது 1952ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. குடியியல், அரசியல் உரிமைகள் ஒன்றிலும், பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் மற்றொன்றிலும் இடம்பெற்றன. இரண்டும் 1966ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி ஏற்கப்பட்டு, 1976இல் நடைமுறைக்கு வந்தன. 1948இல் ஒத்திவைக்கப்பட்ட முறையீட்டு உரிமை குடியியல் உடன்படிக்கையின் உள்ளே வைக்கப்படாது, விரும்பிய அரசு மட்டும் ஏற்கத்தக்க தனித் துணையொப்பந்தமாக வெளியே வைக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றுள்ளன. ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, இந்தியா, சீனா என்பன ஏற்கவில்லை. ஓர் அரசு மற்றோர் அரசின்மீது முறையிடும் வழி ஒன்றும் அவ்வுடன்படிக்கையில் உண்டு. அதனை எந்நாடும் ஒருமுறையேனும் பயன்படுத்தியதில்லை. அரசுகள் ஒன்றன் குற்றத்தை மற்றொன்று கேளாதிருக்கும் உடன்பாட்டை எழுதாமலே செய்துகொண்டன போலும். கயிற்றை இழுத்தோர் யாவரும் தனிமனிதரே.

அவர்களுள் ஒருவர் கனடா நாட்டுப் பூர்வகுடியைச் சார்ந்த சான்ட்றா லவ்லேஸ் அம்மையார். பூர்வகுடிப் பெண் வேற்றினத்தவரை மணந்தால் தன் குடியுரிமையையும் ஊரில் வாழும் உரிமையையும் இழப்பாள் என்றது அந்நாட்டுச் சட்டம். ஆண் அவ்வாறு மணந்தால் இழப்பு யாதுமில்லை. அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1973இல் வேறொரு வழக்கில் அச்சட்டத்தைச் சரியென்றது. உள்ளூர் மணி அத்தோடு ஓய்ந்தது. லவ்லேஸ் அம்மையார் மனித உரிமைக் குழுவிடம் 1977ஆம் ஆண்டின் இறுதியில் முறையிட்டார். சிறுபான்மையோர் தம் பண்பாட்டைத் தம் மக்களோடு கூடித் துய்க்கும் உரிமையைக் கூறும் 27ஆம் உறுப்புரை மீறப்பட்டது என 1981இல் குழு கூறிற்று. கனடா 1985இல் சட்டத்தைத் திருத்தியது. 1948ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒத்திவைக்கப்பட்ட பொருள்கள் முறையீடும் சிறுபான்மையோர் உரிமையுமாம். அவ்விரண்டும் முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் ஒரு பெண்ணின் மனுவிலே ஒன்றுகூடின.

நம் நாட்டுக் காட்சி

பிரகடனம் நிறைவேறிய அதே 1948ஆம் ஆண்டில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. நாட்டினம் ஒன்றைச் சார்ந்திருக்கும் உரிமை யாவர்க்கும் உண்டென்று பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை கூறிய வேளையில், மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த பல இலட்சம் தமிழர் நாடற்றவராயினர். சிறுபான்மையோருக்குக் காப்பெனக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை நம்பி வழக்காடினர். 1953ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம், அச்சட்டம் பிரசாவுரிமை பற்றியதேயன்றி ஓரினத்தின்மேல் தடை விதிப்பதன்று எனக் கூறி அதனைச் செல்லுபடியாக்கிற்று. மணி ஒலித்தது, கேட்டோரும் இருந்தனர், பரிகாரம் இல்லை. அவர்களுட் பலர் 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி இந்தியாவுக்குச் சென்றனர். எஞ்சினோர் வழக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை நீண்டது. நாட்டின் சட்டமே உரிமையைப் பறிக்குங்கால் எட்டாம் உறுப்புரை யாது செய்யும் என்று மேலே கேட்டோம். இஃது அதற்கு நேர் உதாரணம்.

இலங்கை இரு உடன்படிக்கைகளையும் 1980ஆம் ஆண்டு ஜூனிலும், முறையீட்டுத் துணையொப்பந்தத்தை 1997ஆம் ஆண்டு ஒக்ரோபரிலும் ஏற்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பெறப்பட்ட குற்றவொப்புதல் ஒன்றையே சான்றாகக் கொண்டு முப்பத்தைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்ட தமிழர் ஒருவர் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். ஒப்புதல் வற்புறுத்திப் பெறப்பட்டதென்பதைக் குற்றஞ் சாட்டப்பட்டவரே நிறுவவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இது நேர்மையான விசாரணைக்கு முரணானது எனவும், அவரை விடுவித்தல் அல்லது மீள விசாரித்தல் போன்ற பரிகாரம் வேண்டுமெனவும் குழு 2004இல் கூறிற்று. அதனைக் கொண்டு அவர் நம் உயர் நீதிமன்றத்தை அடைந்தபோது, 2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் மன்று அவர் மனுவைத் தள்ளியது. உடன்படிக்கை நாட்டின் சட்டமாக இயற்றப்படாதவரை மன்றைக் கட்டாது எனவும், துணையொப்பந்தத்தை ஏற்றமை நாட்டின் நீதித் தத்துவத்தைப் புறத்தார்க்கு ஈந்ததாகலின் யாப்புக்கு முரண் எனவும் அது காரணங் காட்டிற்று.

இத்தீர்ப்பை நடுவுநிலையோடு ஆராய்தல் வேண்டும். முதற் காரணம் வலுவுடையது. ஒப்பந்தமும் சட்டமும் வேறென்பது பிரித்தானிய மரபில் வந்த நாடுகளின் பழைய கொள்கை. சட்டம் இயற்றாதிருந்த குற்றம் பாராளுமன்றத்தைச் சாரும். இரண்டாவது காரணமே ஐயத்துக்குரியது. குழு வழங்குவது தீர்ப்பன்று. துணையொப்பந்தம் அதனைக் கருத்து என்றே பெயரிடுகின்றது. அது தண்டனையை நீக்காது. மன்றின் கட்டளையை மாற்றாது. பல்லில்லாததென்று ஒருபால் இகழப்படும் குழு, மறுபால் நாட்டின் நீதித் தத்துவத்தை விழுங்கிவிட்டதென்று குற்றஞ் சாட்டப்படுதல் எங்ஙனம் பொருந்தும்? இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. இலங்கை அத்துணையொப்பந்தத்தினின்று விலகவுமில்லை. ஆகவே ஜெனீவாவில் மணி தொங்குகின்றது. கொழும்பிலே சட்டத்தின் செவிக்கு அதன் ஒலி எட்டுவதில்லை.

இக்குறையை நிரப்புதற்கென 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உடன்படிக்கையின் உரிமைகளுட் சிலவற்றையே அது எடுத்தாண்டது. இன, மதப் பகையைத் தூண்டுதலைத் தடுக்கும் அதன் மூன்றாம் பிரிவு, வலியோரின் தூற்றலினின்று மெலியோரைக் காக்கும் கருத்துடையது. ஆயின் 2019ஆம் ஆண்டில் சிங்கள எழுத்தாளர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையின் பொருட்டு அச்சட்டத்தின்கீழ் மாதக்கணக்கிற் சிறைவைக்கப்பட்டார். உரிமையைக் காக்க வந்த சட்டம் உரிமையைப் பறிக்குங் கருவியாயிற்று. யார் முறையிடலாம் என்பது போலவே, யாருக்கு எதிராக முறையிடலாம் என்பதும் வினவற்பாலது. ஆராய்ச்சி மணி அரசமைந்தனுக்கெதிராகவும் ஒலித்தது என்பதன்றோ நாம் கதையிற் கண்டது!

முடிபு

பிரகடனம் வெறுஞ் சொல் என்பார் ஒரு சாரார். அது மனிதகுலத்தின் மாபெரும் வெற்றி என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் குறையுடையன. வெறுஞ் சொல்லாயின், லவ்லேஸ் அம்மையாரும் கோல்டரும் பிறரும் பற்றிப் பேசுதற்கு மொழியே இருந்திராது. பின்வந்த உடன்படிக்கைகள் அதன் சொற்களின் மேலேயே எழுந்தன. வெற்றியென அமைவோமாயின், அதே நாளில் விடப்பட்ட இரண்டு பொருள்களைக் காணாது கண்மூடினோராவோம். அச்சொற்கள் உரியவிடத்துப் பயன்பட்டமை அவற்றை எழுதிய அரசுகளாலன்று. எழுதப்பட்டதை நம்பிக் கயிற்றை இழுத்த எளியோராலாம். வேலையிழந்த எழுதுவினைஞர் ஒருவர், ஊரை இழந்த பெண் ஒருவர், சிறையிலிருந்தோர் இருவர் என்னும் இத்தகையோரே மனித உரிமைச் சட்டத்தின் உண்மையான ஆக்கியோர்.

சர்வதேசச் சட்டத்துக்குப் படையில்லை, காவலர் இல்லை. ஆகலின் அதனால் ஆவதென் என்று நம் மாணவர் சிலர் வினவுவதுண்டு. மேற்சிலேசியாவில் நான்கு ஆண்டுகளும், கனடாவில் ஒரு சட்டத்திருத்தமும் படையினாற் பெறப்பட்டனவல்ல; கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் கேட்டமையாற் பெறப்பட்டன. கேளாத இடத்தில் யாதும் பெறப்படவில்லை என்பதும் உண்மையே. அதனாலேயே மூன்றாவது வினா ஏனைய இரண்டினும் கடினமாகின்றது. மணி கட்டுதல் ஒப்பந்தத்தால் ஆகும். கேட்கும் மனம் அந்தந்த நாட்டின் நீதிமன்றிலும், பாராளுமன்றிலும், குடிமக்களிடத்தும் உண்டாதல் வேண்டும்.

நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் டிசெம்பர் 10ஆந் திகதி பிரகடனத்தின் உறுப்புரைகள் வாசிக்கப்படுகின்றன. அது நல்ல வழக்கமே. அவற்றோடு 217ஆந் தீர்மானத்தின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளையும் மாணவர் வாசிப்பாராக. ஓர் ஆவணத்தைப் படித்தலென்பது அதில் எழுதப்பட்டதையும் எழுதாது விடப்பட்டதையும் ஒருங்கே படித்தலாம்.